விர்டஸ் ஜிடிக்கு டயர் மாற்றுகிறீர்களா? மழையை மனதில் வைத்து வாங்குங்கள்

ஃபோக்ஸ்வாகன் விர்டஸ் ஜிடி, ஸ்கோடா ஸ்லாவியா 1.5, கொஞ்சம் பழைய ஆக்டேவியா என்று ஓட்டும் சுகத்துக்காகவே செடான் வாங்கியவர்கள், கம்பெனி டயர் தேய்ந்ததும் முதலில் கேட்பது "எந்த பிராண்ட் போடலாம்?" என்றுதான். நான் அதைக் கடைசியில் வைப்பேன். ஐப்பசி மாத ராத்திரி, நல்ல மழை, ஹைவேயில் தொண்ணூறில் போய்க்கொண்டிருக்கிறீர்கள், முன்னால் போகும் லாரி சட்டென்று பிரேக் பிடிக்கிறது. அந்த நேரத்தில் உங்கள் கார் எங்கே போய் நிற்க வேண்டும் என்பதுதான் முதல் கேள்வி. காய்ந்த ரோட்டில் இப்போது வரும் சுமாரான டயர்கூட மரியாதையாகப் பிடித்து நிறுத்திவிடும், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸும் கூட இருக்கிறது. நல்ல டயருக்கும் சாதா டயருக்கும் உள்ள இடைவெளி தண்ணீரில்தான் தெரியும். அதனால் இந்தக் கட்டுரை முழுக்க மழையில் பிடி என்பதை முன்னால் வைத்துத்தான் பேசப்போகிறேன். சத்தம், மைலேஜ், எத்தனை வருடம் வரும் எல்லாம் அப்புறம். உதாரணத்துக்கு விர்டஸ் 1.5 ஜிடியையே எடுத்துக்கொள்கிறேன்: 150 பிஎஸ் பவர், 250 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை, அத்தனையும் முன் சக்கரம் இரண்டுக்கே போகிறது, டயர் 205/55 ஆர்16.

எப்போது மாற்றுவது? சட்டப்படி டிரெட் ஆழம், அதாவது டயர் பட்டன்களுக்கு நடுவே உள்ள பள்ளத்தின் ஆழம், 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போகக்கூடாது. டயரின் பள்ளங்களுக்குள் அங்கங்கே குட்டியாக ஒரு மேடு தெரியும், பட்டன் அந்த மேட்டின் மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் ஆட்டம் முடிந்தது என்று அர்த்தம். புது டயரில் 7, 8 மில்லிமீட்டர் இருக்கும். ஆனால் 1.6 வரை ஓட்டுவது காய்ந்த ஊருக்குச் சரி. 3 மில்லிமீட்டருக்குக் கீழே போனதுமே தேங்கிய தண்ணீரை ஒதுக்கும் திறன் வேகமாகக் குறைகிறது, எனவே வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், செப்டம்பரில், ஒரு தடவை அளந்து பாருங்கள். டிரெட் அளக்கும் கேஜ் ஆன்லைனில் சொற்ப விலைக்குக் கிடைக்கிறது. நடுவில் மட்டும் அளந்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்து வைத்து, முன் டயரின் உள் ஓரத்தைத் தடவிப் பாருங்கள், வெளியிலிருந்து பார்த்தால் புதுசு மாதிரி இருக்கும் டயர் உள் ஓரத்தில் மொட்டையாகிக் கிடப்பது சர்வசாதாரணம். உள்ளங்கையை டயரின் குறுக்கே ஒரு பக்கமாகத் தள்ளினால் வழுவழுப்பாகவும், திரும்ப இழுக்கும்போது ரம்பம் மாதிரி கீறிக்கொண்டும் வந்தால், டோ அளவு (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம்) தவறியிருக்கிறது. நடு மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம், இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு. வட்டத்தைச் சுற்றி மேடும் பள்ளமுமாக இருந்தால் பெரும்பாலும் ஷாக் அப்சார்பர் வேலை செய்யவில்லை, அதைச் சரிசெய்யாமல் புது டயர் போட்டால் அதையும் அப்படியே தின்றுவிடும்.

வயதும் முக்கியம். ஆறு வருடம் ஆன டயரில் டிரெட் பாக்கி இருந்தாலும் ரப்பர் இறுகிப்போயிருக்கும், அதிலும் நம் ஊர் வெயிலில் திறந்தவெளியில் நிறுத்தும் கார் என்றால் இன்னும் சீக்கிரம். சைடுவாலில் (டயரின் பக்கச் சுவர்) மெல்லிய வெடிப்புகள் தெரிந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள்.

அடுத்தது சைஸ். பலரும் பணத்தை வீணாக்கும் இடம் இது. 205 என்பது அகலம், மில்லிமீட்டரில். 55 என்பது சைடுவாலின் உயரம், அகலத்தில் 55 சதவீதம், அதாவது சுமார் 113 மில்லிமீட்டர். 16 என்பது ரிம்மின் விட்டம், இஞ்சில். எல்லாம் சேர்ந்து டயரின் மொத்த விட்டம் சுமார் 632 மில்லிமீட்டர் வருகிறது. நீங்கள் எந்த சைஸுக்குப் போனாலும் இந்த 632ஐ ஒட்டியே இருக்க வேண்டும். ஸ்பீடோமீட்டர், ஏபிஎஸ், கியர் விகிதம் எல்லாம் இதை நம்பித்தான் இருக்கின்றன. அதே ரிம்மில் 225/50 ஆர்16 போட்டால் விட்டம் 631, மாற்றமே இல்லை என்று சொல்லலாம். 17 இஞ்சுக்குப் போனால் 225/45 ஆர்17 கிட்டத்தட்ட 634, 205/50 ஆர்17 சுமார் 637. ஆனால் 215/50 ஆர்17 என்றால் 647, கிட்டத்தட்ட இரண்டரை சதவீதம் பெரியது, வீல் ஆர்ச்சில் உரசுமா என்று பார்க்காமல் போடாதீர்கள்.

என் கருத்து: தினசரி ஓட்டும் விர்டஸுக்கு 16 இஞ்சிலேயே நல்ல டயர் போடுவதுதான் காசுக்கு நியாயம். 17 பார்க்க அழகு, வளைவில் திருப்பியதும் கார் சட்டென்று கேட்கும், மறுக்கவில்லை. ஆனால் 225/45 ஆர்17இல் சைடுவால் 101 மில்லிமீட்டர்தான். மழைக்குப் பிறகு நம் ரோட்டில் தண்ணீருக்கு அடியில் ஒளிந்திருக்கும் குழியில் அந்த ஒரு சென்டிமீட்டர் குறைவு ரிம்மைக் காப்பாற்றாமல் போகலாம். 18 இஞ்ச் வேண்டவே வேண்டாம். கம்பெனி கொடுத்த சைஸை விட்டு ரொம்ப விலகினால் விபத்துக்குப் பிறகு இன்சூரன்ஸில் கேள்வி வரும், அதையும் கணக்கில் வையுங்கள். அகலமான டயர் மைலேஜையும் கொஞ்சம் இழுக்கும், தேங்கிய தண்ணீரில் குறுகலான டயரைவிடச் சீக்கிரம் மிதக்கவும் பார்க்கும். டயர் அகலமாக இருந்தால் எல்லாப் பிடியும் கூடும் என்பது காய்ந்த ரோட்டுக்கான நம்பிக்கை.

சைஸுக்குப் பின்னால் 91வி என்று இருக்கும். 91 என்றால் ஒரு டயர் 615 கிலோ தாங்கும், வி என்றால் மணிக்கு 240 கிலோமீட்டர் வரை தாங்கும். எச் 210, டபிள்யூ 270, ஒய் 300. நாம் அந்த வேகத்தில் போகப்போவதில்லையே என்று எச்சுக்கு இறங்காதீர்கள், உயர்ந்த எழுத்து என்பது வெப்பத்தைத் தாங்கும் கட்டமைப்பையும் சேர்த்துச் சொல்கிறது, மே மாதத் தார் ரோட்டில் நாலு பேரும் லக்கேஜுமாகப் போகும்போது அது வேலைக்கு ஆகும். எக்ஸ்எல் என்று போட்டிருந்தால் கூடுதல் எடை தாங்கும் வகை, இந்த சைஸில் 94 என்ற எண் வரும், அதாவது 670 கிலோ. அது தவறில்லை, சைடுவால் கொஞ்சம் விறைப்பாக இருக்கும், அவ்வளவுதான்.

டிரெட்வேர் எண்ணையும் பாருங்கள். இது அமெரிக்க முறை, 100ஐ அடிப்படையாக வைத்து எத்தனை மடங்கு உழைக்கும் என்று அந்தந்தக் கம்பெனியே போடும் எண், அதனால் ஒரு கம்பெனியின் 400ஐ இன்னொரு கம்பெனியின் 400உடன் அப்படியே ஒப்பிட முடியாது. ஆனாலும் டயரின் குணம் தெரிந்துவிடும். மிஷலின் பைலட் ஸ்போர்ட் 4 போன்ற வேகத்துக்கான டயரில் 320, 200க்குக் கீழே என்றால் ரேஸ் டிராக்கை நினைத்துச் செய்தது, நிறைய நாள் உழைக்கும் டூரிங் வகைகள் 400, 500 பக்கம் போகும். பக்கத்திலேயே டிராக்‌ஷன் என்று ஏஏ, ஏ, பி, சி என எழுத்து இருக்கும், இது ஈரத் தளத்தில் பிரேக் பிடிப்பதை அளந்து கொடுப்பது. பிக்குக் கீழே இறங்காதீர்கள், முடிந்தால் ஏஏ அல்லது ஏ. ஐரோப்பிய லேபிள் இருந்தால் இன்னும் நல்லது, அதில் ஈரப் பிடிக்கு ஏ முதல் ஈ வரை தனியாக ஒரு எழுத்து உண்டு. ஒரே பெயரில் வெவ்வேறு நாட்டில் தயாராகும் டயர்கள் வேறுபடலாம் என்பதால், கடையில் கைக்கு வரும் டயரில் என்ன எழுதியிருக்கிறது என்பதையே நம்புங்கள்.

சரி, இப்போது பிராண்ட். ரோட்டுப் பிடிக்காகவே வாங்குகிறீர்கள் என்றால் உங்கள் சைஸில் பைலட் ஸ்போர்ட் கிடைக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள், ஈரம் காய்ந்தது இரண்டிலும் அது தரும் நம்பிக்கை வேறு ரகம். சத்தம் கொஞ்சம் வரும், ஆயுள் குறைவு, விலை கூடுதல். பாதி நேரம் ஊருக்குள், பாதி நேரம் ஹைவே என்றால் கான்டினென்டல் யுசி6 போன்ற நடுவாந்திர டயர் போதும், ஈரத்தில் நன்றாக நிற்கும், காதும் வலிக்காது. குடும்பத்தோடு நீண்ட பயணம், அமைதி வேண்டும் என்றால் மிஷலின் ப்ரைமசி அல்லது பிரிட்ஜ்ஸ்டோன் டுரான்சா வகை. அப்போலோ 2009இல் வாங்கிய டச்சுக் கம்பெனியான விரடெஸ்டைனின் அல்ட்ராக் வகையும் இப்போது நம் ஊரில் கிடைக்கிறது, விலைக்கு நல்ல போட்டி. வேகமாக ஓட்டும் காருக்கு, வருடக் கணக்கில் உழைக்கும் என்பதை மட்டும் வைத்து விற்கப்படும் டயரை நான் பரிந்துரைக்க மாட்டேன். இறுகின ரப்பர் தேயாது, ஆனால் ஈரத்தில் பிடிக்கவும் செய்யாது.

கடைக்குப் போகும்போது கவனிக்க வேண்டியது நிறைய இருக்கிறது, இங்கே அவசரப்படாதீர்கள். 2020 ஜூனில் மத்திய அரசு டயர் இறக்குமதியைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் வைத்ததிலிருந்து வெளிநாட்டு டயர்கள் சில சைஸில் வருவதும் போவதுமாக இருக்கின்றன, எனவே நாள்பட்ட ஸ்டாக் தலையில் கட்டப்படலாம். சைடுவாலில் டாட் (DOT) என்று தொடங்கும் வரியின் கடைசி நாலு இலக்கத்தை மொபைல் டார்ச் அடித்துப் பாருங்கள்: 2325 என்றால் 2025ஆம் வருடம் 23ஆவது வாரம். இது சில சமயம் டயரின் ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கும், எனவே மாட்டுவதற்கு முன்னாலேயே நாலு டயரிலும் பார்த்துவிடுங்கள். ஒரு வருடத்துக்குள் என்றால் சந்தோஷம், இரண்டு வருடம் தாண்டியிருந்தால் வேறு கேளுங்கள். டயருக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது, பழைய விலைப்பட்டியலைக் காட்டினால் கேளுங்கள். பில்லில் டயர் சீரியல் எண்ணையும் எழுதச் சொல்லுங்கள், வாரன்டிக்கு உதவும்.

மாட்டும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். சைடுவாலில் அவுட்சைடு என்று எழுதியிருந்தால் அந்தப் பக்கம் வெளியே தெரிய வேண்டும், அம்புக்குறி போட்டிருந்தால் முன்னோக்கிச் சுழலும் திசைக்கு அம்பு இருக்க வேண்டும். இரண்டுமே அவசரத்தில் மாறிப்போகும் விஷயங்கள்தான். புது டயரில் மஞ்சள் புள்ளி இருந்தால் அது டயரின் எடை குறைந்த இடம், வால்வுக்கு நேராக வைத்து மாட்டினால் பேலன்சிங்குக்கு ஒட்டும் வெயிட் குறையும். ரப்பர் வால்வையும் கூடவே மாற்றச் சொல்லுங்கள், ரொம்பச் சின்னச் செலவு. அலாய்க்கு உள்பக்கம் ஒட்டும் வெயிட்தான் போட வேண்டும், ரிம் விளிம்பில் அடித்து மாட்டும் வகை வேண்டாம். போல்ட்டை ஏர் கன்னால் கடைசிவரை முடுக்க விடாதீர்கள், கையால் திருகி, முடுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து, ஓனர் மேனுவலில் உள்ள அளவுக்கு முடுக்கட்டும். நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு இன்னொரு தடவை சரிபாருங்கள்.

அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் கோணத்தை அளந்து சரிசெய்வது, கட்டாயம். புது டயர் போட்டுவிட்டு அதை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்றால் அந்த ஒரு மாதத்திலேயே உள் ஓரம் போய்விடும். முன்னும் பின்னும் அளந்த பிரின்ட் அவுட் கேளுங்கள். விர்டஸில் பின்பக்கம் ட்விஸ்ட் பீம், அதாவது இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே இரும்புத் தண்டு, அங்கே வழக்கமாகத் திருகித் திருத்த எதுவும் கிடையாது. பின்சக்கர அளவு சிவப்பில் வந்தால் "ஒன்றும் ஆகாது சார்" என்ற பதிலோடு கிளம்பாமல், எங்கேயாவது பலமாக இடித்ததா, பீம் வளைந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். முன்பக்கம் முக்கியமாகத் திருத்துவது டோ. வேலை முடிந்து நேர் ரோட்டில் போகும்போது ஸ்டீயரிங் கோணலாக நின்றால் திரும்பப் போய்ச் சரிசெய்து வாங்குங்கள்.

இரண்டு டயர்தான் மாற்ற முடியும் என்றால், புதுசைப் பின்பக்கம் போடுங்கள். முன்சக்கரத்துக்குத்தானே பவர் போகிறது என்று எல்லோரும் முன்னால் போடுவார்கள். ஈரத்தில் முன்பக்கம் வழுக்கினால் கார் நேராகப் போகப் பார்க்கும், ஆக்ஸிலேட்டரை விட்டால் பெரும்பாலும் திரும்பக் கைக்குள் வரும். பின்பக்கம் வழுக்கினால் கார் சுற்றும், அதை அடக்கப் பழகியவர்கள் நம்மில் மிகக் குறைவு. டயர் கம்பெனிகளும் இதையேதான் சொல்கின்றன.

புது டயரின் மேல் தயாரிப்பு அச்சிலிருந்து வந்த வழுவழுப்பு கொஞ்சம் இருக்கும். முதல் 300 கிலோமீட்டர் வரை நிதானமாக ஓட்டுங்கள், முக்கியமாக மழை பெய்தால்.

இனி தினசரி வாழ்க்கை. காற்றழுத்தம்தான் இதில் பாதி வேலை. கார் நின்று ஆறிய பிறகு, காலையில், சொந்தமாக ஒரு கேஜ் வைத்துப் பாருங்கள், பங்க்குக்குப் பங்க் மீட்டர் மாறும். டிரைவர் கதவுச் சட்டத்திலோ பெட்ரோல் மூடியின் உள்பக்கமோ உள்ள ஸ்டிக்கரில் சொன்ன அளவு வையுங்கள், முழு லோடு என்றால் அதற்கான அளவு. ஓடிச் சூடான டயரில் நாலைந்து பிஎஸ்ஐ கூடத்தான் செய்யும், அதைப் பார்த்துப் பதறிக் காற்றை இறக்கிவிடாதீர்கள். காற்று நிரப்பியதும் திரையில் டயர் அழுத்தத்தைப் புதிதாகப் பதிவு செய்ய வேண்டும்; இந்த காரில் அழுத்தத்தை நேரடியாக அளக்கும் சென்சார் கிடையாது, சக்கரம் சுழலும் வேகத்தை ஒப்பிட்டுத்தான் எச்சரிக்கை தருகிறது, தவறான அளவில் செட் பண்ணினால் அதையே சரி என்று நம்பிக்கொள்ளும். நைட்ரஜனுக்கு ஏங்க வேண்டாம், சாதாக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான்.

மழைக்காலத்தில் காற்றைக் குறைத்தால் பிடி கூடும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள், கேட்காதீர்கள். 1960களில் நாசா செய்த சோதனைகளிலிருந்து ஒரு கணக்கு வந்தது: தளத்தில் தண்ணீர் தேங்கி, டிரெட்டால் அதை ஒதுக்க முடியாமல் போகும்போது டயர் முழுதாக மிதக்க ஆரம்பிக்கும் வேகம், உள்ளே இருக்கும் அழுத்தத்தின் வர்க்கமூலத்தோடு ஏறி இறங்கும். 32 பிஎஸ்ஐ என்றால் சுமார் 94 கிலோமீட்டர் வேகம், 24 பிஎஸ்ஐ என்றால் சுமார் 82. நல்ல டிரெட் இருந்தால் இதைவிடக் கொஞ்சம் வேகம் வரை தாங்கும், மொட்டை டயர் என்றால் இந்தக் கணக்குதான். ஹைவேயில் தண்ணீர் தேங்கியிருப்பது தெரிந்தால் எழுபதுக்கு இறங்கிவிடுங்கள், எந்த டயராக இருந்தாலும். ஸ்டீயரிங் திடீரென்று லேசாகிவிட்டால் மிதக்கிறீர்கள். பிரேக்கை மிதிக்காமல், ஸ்டீயரிங்கை ஒடிக்காமல், ஆக்ஸிலேட்டரை மட்டும் மெல்ல விடுங்கள்.

மலைப்பாதையில் அழுத்தம் சரியா என்று பார்க்க ஒரு பழைய டிராக் வித்தை இருக்கிறது. ஆழியாறு தாண்டி வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளுக்கு முன்னால் வண்டியை ஓரங்கட்டி, முன் டயரின் ஓரத்திலிருந்து சைடுவாலுக்கு இறங்குகிற மாதிரி சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். டயர் ஓரத்தில் குட்டி முக்கோணம் இருக்கும். மேலே போய் நிறுத்திப் பார்க்கும்போது கோடு முக்கோணம் வரை அழிந்திருந்தால் அளவு சரி, அதையும் தாண்டிச் சைடுவாலில் அழிந்திருந்தால் டயர் மடங்கி ஓடியிருக்கிறது, ஆறிய பிறகு இரண்டு பிஎஸ்ஐ கூட்டுங்கள். முக்கோணத்துக்கு ரொம்ப முன்னாலேயே நின்றிருந்தால் ஒன்று நீங்கள் மெதுவாக ஏறியிருக்கிறீர்கள், இல்லையென்றால் காற்று அதிகம். மலையில் எஸ்டேட் ஓரம் பாசி பிடித்த ஈர வளைவுகளில் 250 நியூட்டன் மீட்டரை முன்சக்கரம் தாங்காது, ஸ்டீயரிங் நேராகும் வரை ஆக்ஸிலேட்டரில் பொறுமை வேண்டும்.

எட்டாயிரம் முதல் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முறை டயரை முன்பின் மாற்றுங்கள். இந்த காரில் முன் டயர் பின் டயரைவிட வேகமாகத் தேயும், விட்டால் இரண்டு ஜோடி இரண்டு விதமாகிவிடும். அம்புக்குறி டயர் என்றால் அதே பக்கத்தில் முன்பின் மட்டும்.

குழியில் பலமாக விழுந்தால் அன்றைக்கே சைடுவாலைத் தடவிப் பாருங்கள், உப்பல் தெரிந்தால் உள்ளே இழைகள் அறுந்துவிட்டன, அதற்கு வைத்தியமே கிடையாது, ஸ்டெப்னியை மாட்டுங்கள். டிரெட் பகுதியில் ஆணி ஏறினால் அவசரத்துக்கு குச்சி ஒட்டு போதும், ஆனால் வேகமாகப் போகும் காருக்கு டயரைக் கழற்றி உள்ளிருந்து வைக்கும் காளான் ஒட்டுதான் சரி. சைடுவாலில் பஞ்சர் என்றால் எந்தக் கடைக்காரர் என்ன சொன்னாலும் ஒட்டாதீர்கள்.

பிஎம்டபிள்யூ 3 சீரிஸ் போன்ற, ரன் பிளாட் டயரோடு வந்த கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ரன் பிளாட் காற்று முழுக்கப் போனாலும் 80 கிலோமீட்டர் வேகத்தில் 80 கிலோமீட்டர் தூரம் வரை ஓடும், அந்த விறைப்பான சைடுவாலால்தான் நம் ரோட்டில் தடதடவென்று இருக்கிறது. சாதா டயருக்கு மாறினால் கார் மென்மையாகிவிடும், விலையும் குறையும், ஆனால் டிக்கியில் ஸ்டெப்னி இருக்காது. ஊருக்குள்ளேயே ஓட்டுபவர் மாறலாம், கூட ஒரு ஏர் பம்ப்பும் பஞ்சர் கிட்டும் வைத்துக்கொண்டு. ராத்திரி நேரத்தில் குடும்பத்தோடு நீண்ட தூரம் போகிறவர் ரன் பிளாட்டிலேயே இருக்கலாம். முன்னும் பின்னும் வேறு வேறு அகலம் உள்ள கார் என்றால் முன்பின் மாற்றும் கதையே இல்லை, பின் டயருக்குத் தனியாக பட்ஜெட் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டெப்னி உள்ளவர்கள், மற்ற நாலுக்கும் காற்று பார்க்கும் அன்றைக்கு அதற்கும் பாருங்கள், டயரில் எழுதியிருக்கும் வேக வரம்பையும் ஒரு தடவை படித்து வையுங்கள்.